கரும்பொருள் கண்டறியப்பட்டதா, கணக்குக்காகச் சேர்க்கப்பட்டதா?

கோத்தகிரி ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். அண்மையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை உதகைக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்க அழைத்துச் சென்றோம். மறுநாள் வகுப்பில் பாலாடாவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்ட கேள்விக்கு நிறைவான விடையை என்னால் உடனே தர முடியவில்லை. அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "பேரண்டத்தில் நாம் அறிந்த பொருள் 5 விழுக்காடுதான், மீதி என்னவென்றே தெரியாது என்கிறார்கள். தெரியாத ஒன்றை 27 விழுக்காடு, 68 விழுக்காடு என்று எப்படி அளந்தார்கள்? கணக்கு உதைத்ததால் கரும்பொருள் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்களா, உண்மையிலேயே கண்டுபிடித்தார்களா?"

இந்தக் கேள்விக்கு மழுப்பலாக விடை சொல்ல எனக்கு மனமில்லை. ஒளி விடாமல், ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருள் எங்கும் நிறைந்திருக்கிறது என்றால், பூமியின் சுற்றுப்பாதையிலோ மற்றக் கோள்களின் ஓட்டத்திலோ அதன் தாக்கம் ஏன் தெரியவில்லை என்பது என் சொந்தக் கேள்வி. துறை அறிந்தவர்கள் விளக்கினால் வகுப்புக்கே பயன்படும்.

முத்தோரைச் சரிவு

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ரேடியோ வானியலில் சில காலம் ஆய்வு செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பு ஈர்ப்பியல் பாடத்தைத் தாண்டாமலேயே இந்தக் கேள்வியில் பாதித் தொலைவு போய்விடலாம்.

புதன் நொடிக்குச் சுமார் 47 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. பூமியின் வேகம் 30, வியாழனின் வேகம் 13, நெப்டியூனின் வேகம் 5.4 கிலோமீட்டர். நிறை ஏறக்குறைய முழுவதும் நடுவில் சூரியனிடமே இருப்பதால், தொலைவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் வேகம் குறைந்துகொண்டே போகிறது. நெப்டியூன் நம்மைவிட 30 மடங்கு தொலைவில் இருக்கிறது. 30-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.5, பூமியின் வேகத்தை அதனால் வகுத்தால் நெப்டியூனின் வேகம் கிடைத்துவிடும். இதை மாணவர்கள் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

இதே கணக்கை விண்மீன் திரள்களுக்குப் பொருத்தியபோதுதான் சிக்கல் எழுந்தது. வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆந்திரோமேடா திரளின் வெவ்வேறு பகுதிகளின் சுழற்சி வேகத்தை அளந்து 1970-இல் வெளியிட்டார்கள். (கார்த்திகை, மார்கழி இரவுகளில் மேகமும் பனிமூட்டமும் விலகினால், விளக்கு வெளிச்சம் குறைந்த கோத்தகிரிச் சிற்றூர்களில் அந்தத் திரள் வெறுங்கண்ணுக்கே மங்கிய திட்டாகத் தெரியும். சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஒன்றைப் பார்க்கிறோம் என்று மாணவர்களிடம் சொல்லிக் காட்டுங்கள்.) திரளின் ஒளியில் பெரும்பகுதி மையத்தை ஒட்டியே இருப்பதால், விளிம்பை நெருங்க நெருங்க வேகம் குறைய வேண்டும். ஆனால் அது குறையாமல் ஏறக்குறைய ஒரே அளவில் நீடித்தது. விண்மீன்கள் தீர்ந்துபோன இடத்துக்கு அப்பாலும் ஹைட்ரஜன் வாயு பரவியிருக்கிறது. அந்த வாயு வெளியிடும் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையைக் கொண்டு ஆல்பர்ட் பாஸ்மா முதலியோர் 1970-களின் பிற்பகுதியில் பல திரள்களை அளந்தபோதும் இதே விடைதான் கிடைத்தது.

வேகத்தின் வர்க்கத்தைத் தொலைவால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால், அந்தத் தொலைவுக்கு உட்பட்ட நிறை கிடைக்கும். நம் சூரியன் பால்வெளித் திரளின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில், நொடிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. இந்த எண்களை இட்டால் நமக்கு உட்புறமாக ஏறத்தாழ 10,000 கோடிச் சூரியன்களின் நிறை இருப்பதாக விடை வரும். தொலைவை இரட்டித்த பிறகும் வேகம் பெரிதாகக் குறையவில்லை என்றால், நிறையும் கிட்டத்தட்ட இரட்டித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் புறப்பகுதியில் அத்தனை நிறைக்கு ஈடான விண்மீன்களும் இல்லை, வாயுவும் இல்லை.

இனி உங்கள் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். கரும்பொருள் மிகுதியாக இருந்தாலும் மிக மிக அடர்த்தி குறைவாகப் பரவிக் கிடக்கிறது. நம் பகுதியில் அதன் அடர்த்தி, மூன்று கன சென்டிமீட்டருக்கு ஒரு புரோட்டானின் நிறை என்ற அளவில்தான் இருக்கிறது. பூமி அடைத்துக்கொண்டிருக்கும் கன அளவு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், எந்த நொடியிலும் அதற்குள் இருக்கும் கரும்பொருளின் நிறை ஏறத்தாழ அரைக் கிலோதான். நெப்டியூனின் பாதை வரையிலான கோளத்தில் உள்ளதையெல்லாம் கூட்டினாலும் சூரியனின் நிறையில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவில்தான் வரும். ஆகவே கோள்களின் ஓட்டத்தில் அது தென்பட வாய்ப்பே இல்லை. விண்மீன்கள் அங்கங்கே திரண்டிருக்க, கரும்பொருளோ திரளைச் சுற்றிலும் பல லட்சம் ஒளியாண்டு அகலத்துக்கு நிரவிப் பரவியிருப்பதால்தான் மொத்தக் கணக்கில் அது விஞ்சி நிற்கிறது.

ஆயக்குடி

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் மாணவியின் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை என்று நினைக்கிறேன். சுழற்சி வேகம் எதிர்பார்த்தபடி இல்லை என்பது உற்றுநோக்கல். அதிலிருந்து "காணாத நிறை இருக்கிறது" என்று முடிவுகட்டுவதற்கு, அவ்வளவு பெரிய தொலைவுகளிலும் நியூட்டனின் ஈர்ப்பு விதி மாறாமல் செல்லுபடியாகிறது என்று முதலில் ஏற்றுக்கொண்டாக வேண்டும். அந்த இடத்தைத்தான் மோர்டெகாய் மில்க்ரோம் 1983-இல் கேள்விக்கு உட்படுத்தினார். முடுக்கம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே, அதாவது பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டால், விதியே வேறு வடிவம் கொள்கிறது என்பது அவருடைய கருத்து.

இதை வெறும் மாற்றுக் கருத்து என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஒரே ஒரு மாறிலியை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் பரவலை மட்டும் கொண்டே, எத்தனையோ திரள்களின் சுழற்சி வேகத்தை வியக்கத்தக்க துல்லியத்துடன் கணித்துவிடலாம். கரும்பொருள் கொள்கையில் ஒவ்வொரு திரளுக்கும் எவ்வளவு கரும்பொருள், எப்படிப் பரவியது என்று தனித்தனியே பொருத்த வேண்டியிருக்கிறது. தெரியும் பொருளுக்கும் சுழற்சி வேகத்துக்கும் இவ்வளவு இறுக்கமான உறவு ஏன் இருக்கிறது என்ற கேள்விக்குக் கரும்பொருள் தரப்பு நேரடியாக விடை சொல்ல வேண்டும். மாணவியிடம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமாகாது.

இருள்வான்

ஆயக்குடி நண்பர் எழுப்பியது முறையான கேள்வி. தனித்தனித் திரள்களின் சுழற்சியைப் பொறுத்தவரை மில்க்ரோமின் விதி நன்றாகவே வேலை செய்கிறது. அந்த இறுக்கமான உறவு உண்மையானது, அதற்கு முழுமையான விளக்கம் இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் சுழற்சி வேகம் மட்டுமே சான்றாக இருந்திருந்தால் இந்தத் துறையில் இத்தனை பேர் கரும்பொருளை ஏற்றிருக்க மாட்டார்கள். நானும் ஏற்றிருக்க மாட்டேன்.

சுழற்சி வேகம் பேசப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, 1933-இல், ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா திரள்கொத்தில் (ஈர்ப்பால் கூடி நிற்கும் பல திரள்களின் தொகுப்பில்) உள்ள திரள்களின் வேகங்களைப் பார்த்து, தெரியும் நிறையால் அவற்றைக் கட்டிவைக்க இயலாது என்று எழுதினார். அங்கே மில்க்ரோமின் விதியைப் பயன்படுத்தினாலும் பற்றாக்குறை முழுவதும் தீர்வதில்லை; ஏறத்தாழ இருமடங்கு நிறை இன்னும் தேவைப்படுகிறது.

அதைவிட வலுவான சான்று, 'புல்லட் திரள்கொத்து' என்று அழைக்கப்படும் இணை. இரண்டு திரள்கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றிருக்கின்றன. திரள்கொத்துகளில் சாதாரணப் பொருளின் பெரும்பகுதி விண்மீன்களாக இருப்பதில்லை, கொதிக்கும் வாயுவாகவே இருக்கிறது. அந்த வாயு எக்ஸ் கதிரில் ஒளிரும். மோதலில் வாயுவும் வாயுவும் உரசி வேகம் குறைந்து நடுவே தேங்கிவிட்டது. ஆனால் பின்னணியில் உள்ள திரள்களின் ஒளி எங்கே எவ்வளவு வளைகிறது என்று அளந்து நிறையின் வரைபடத்தைப் போட்டால், நிறை வாயு தேங்கிய நடுவில் இல்லை. மோதாமல் கடந்துபோன விண்மீன் திரள்களோடு இரு பக்கமும் விலகி நிற்கிறது. 2006-இல் வெளியான இந்த முடிவைக் கொஞ்சம் நின்று எண்ணிப் பாருங்கள். ஈர்ப்பு விதி மட்டுமே மாறியிருந்தால், பொருள் மிகுந்த இடத்தில், அதாவது வாயு இருக்கும் இடத்தில், ஈர்ப்பு மிகுந்திருக்க வேண்டும். இங்கே ஈர்ப்பு ஓரிடத்திலும் சாதாரணப் பொருள் வேறோர் இடத்திலும் இருக்கின்றன. அதற்கும் விடை சொல்லும் முயற்சிகள் மாற்று ஈர்ப்புத் தரப்பில் உண்டு. அவற்றிலும் ஏதோ ஒரு காணாத நிறையைச் சேர்க்க வேண்டி வருவதைத்தான் பார்க்கிறேன்.

இனி விழுக்காட்டுக்கு வருவோம். மாணவி கேட்டதன் உயிர்நாடி இதுதான். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் மூட்டையைப் பிரிக்காமலேயே எடை போட்டுவிடலாம். உள்ளே கேரட்டா பீட்ரூட்டா என்பது பிரித்தால்தான் தெரியும். அளவு தெரிவதும் தன்மை தெரியாதிருப்பதும் ஒரே நேரத்தில் இயலும். பேரண்டத்தின் அந்த எடைக் கணக்கு, பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்டு இன்று நுண்ணலைகளாக நம்மை வந்தடையும் பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து வருகிறது. எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும் அந்தக் கதிர்வீச்சில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்ற இறக்கங்கள் உண்டு. அன்று சாதாரணப் பொருள் ஒளியோடு பிணைந்திருந்தது. ஈர்ப்பு அதை உள்ளே இழுக்க, ஒளியின் அழுத்தம் வெளியே தள்ள, ஒலியலை போன்ற அதிர்வு உண்டாயிற்று. கரும்பொருள் ஒளியோடு ஒட்டாதது. அதனால் அது தள்ளப்படாமல் உள்நோக்கி மட்டுமே சேர்ந்தது. இவ்விரண்டின் விகிதம் மாறினால் அதிர்வுகளின் ஒப்பீட்டு வலிமை மாறும். 'பிளாங்க்' விண்கலம் அதைத்தான் அளந்தது. 2018-இல் வெளியான அதன் இறுதி முடிவுகளின்படி சாதாரணப் பொருள் 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, கரும்பொருள் 26 முதல் 27, மீதி 68 விழுக்காட்டுக்கு மேல் கரும் ஆற்றல்.

இதைச் சரிபார்க்க முற்றிலும் வேறொரு வழி இருக்கிறது. பெருவெடிப்புக்குப் பின் முதல் சில நிமிடங்களில் அணுக்கரு வினைகளால் உருவான டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) எவ்வளவு எஞ்சியது என்பது, அன்று இருந்த சாதாரணப் பொருளின் அடர்த்தியைப் பொறுத்தது. தொலைதூர வாயு மேகங்களில் அந்த டியூட்டீரியத்தை அளந்தால், சாதாரணப் பொருள் ஏறத்தாழ அதே 5 விழுக்காடு என்றுதான் கிடைக்கிறது. சில நிமிட வயதுப் பேரண்டமும் 3,80,000 ஆண்டு வயதுப் பேரண்டமும், இரு வேறு இயற்பியல் வழியாக ஒரே எண்ணைச் சொல்கின்றன. கணக்கு உதைத்ததால் எதையோ ஒட்டவைத்தார்கள் என்றால் இந்தப் பொருத்தம் வந்திருக்காது. என்னைக் கட்டிப்போட்ட சான்று இதுவே.

கரும் ஆற்றலின் நிலை வேறு. 1998-இல் தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்த இரு குழுக்கள், பேரண்டத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டன. அதற்குக் காரணமாகக் கருதப்படுவதற்கு இட்ட பெயரே கரும் ஆற்றல். 2011-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அது என்ன என்பதற்குக் கரும்பொருளுக்கு இருக்கும் அளவுக்குக்கூடத் தடயம் இல்லை. கடந்த சில ஆண்டுகளில் 'டெசி' என்னும் திரள் அளவீட்டுத் திட்டம், அது காலப்போக்கில் மாறிவருகிறதோ என்று ஐயுற வைக்கும் முடிவுகளைத் தந்திருக்கிறது. உறுதியாகச் சொல்ல இன்னும் காலம் வேண்டும்.

பூம்பாறை

கொடைக்கானல் மலைக்காரன் என்ற உரிமையில் சூரியனிலிருந்து ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். காணாத ஒன்றைக் கருதுகோளாக வைப்பது எப்போது பலிக்கும், எப்போது பொய்க்கும் என்பதை மாணவிக்கு விளக்க இது உதவும்.

1868 ஆகஸ்டு 18 அன்று நம் பகுதியைக் கடந்த முழுச் சூரிய கிரகணத்தை பியர் ஜான்சென் குண்டூரிலிருந்தும், சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைமானி கொண்டு பார்த்தார்கள். ஒவ்வொரு தனிமமும் அதில் தனக்கே உரிய கோடுகளைக் காட்டும். சூரியனின் விளிம்பில் தெரிந்த மஞ்சள் கோடு, சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தும் அதனோடு பொருந்தவில்லை. பூமியில் யாரும் பார்த்திராத ஒரு தனிமம் சூரியனில் இருப்பதாக நார்மன் லாக்யர் கருதினார். 1895-இல் வில்லியம் ராம்சே அதை ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து ஆய்வுக்கூடத்திலேயே பிரித்தெடுத்தார். அதுதான் ஹீலியம்.

அடுத்த ஆண்டு, 1869 கிரகணத்தில், சூரியனைச் சூழ்ந்து தெரியும் ஒளிவட்டத்தில் (கொரோனா) ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. அதுவும் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. ஹீலியத்துக்குச் செய்த அதே வாதத்தைச் செய்து 'கொரோனியம்' என்ற புதிய தனிமத்தைக் கருதினார்கள். ஆனால் தனிம அட்டவணை நிறைவடைய நிறைவடைய அதற்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. எழுபது ஆண்டுகள் கழித்து வால்ட்டர் குரோட்ரியனும் பெங்ட் எட்லேனும் விடையைக் கண்டார்கள். அது பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்பு. இரும்பு அந்த நிலையை அடைய வேண்டுமானால் ஒளிவட்டத்தின் வெப்பம் பத்து லட்சம் பாகைக்கு மேல் இருக்க வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 பாகைதான். அடியில் உள்ளதைவிட மேலே உள்ளது எப்படி இவ்வளவு சூடாகிறது என்பது இன்றுவரை முழுமையாகத் தீராத கேள்வி. சென்னை வானாய்வகத்தின் வழித்தோன்றலாக 1899-இல் எழுந்த எங்கள் கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனை நாள்தோறும் படமெடுத்துச் சேர்த்திருப்பது இத்தகைய கேள்விகளுக்காகத்தான்.

இரண்டு தனிமங்களுக்கும் தொடக்கத்தில் இருந்த சான்று ஒரே தரத்தது: பொருந்தாத ஒரு கோடு. அந்த நிலையில் எது மெய், எது பொய் என்று எவராலும் பிரித்திருக்க முடியாது. இருள்வான் அவர்கள் எடுத்துரைத்த பல வழிச் சான்று கொரோனியத்துக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. அந்த வகையில் கரும்பொருள் வலுவான நிலையில் இருக்கிறது. ஆனால் கொரோனியத்துக்குத் தனிம அட்டவணையில் இடம் இல்லாததைப் போலவே, இன்று அறியப்பட்ட அடிப்படைத் துகள்களின் பட்டியலிலும் கரும்பொருளுக்குப் பொருத்தமான துகள் இல்லை. அந்தப் பட்டியல் முழுமையற்றது என்பதற்கு, நியூட்ரினோ என்னும் மின்னூட்டமற்ற மிக இலேசான துகளுக்கு நிறை இருப்பது போன்ற வேறு காரணங்களும் இருப்பதால் இதைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை என்பது என் எண்ணம். இருந்தாலும் ஆய்வுக்கூடத்தில் ஒரு துகளாவது சிக்கும் வரை அது ஹீலியத்தின் நிலையை எட்டிவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

கோத்தகிரி ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஹீலியம், கொரோனியம் வரலாற்றை வகுப்பில் சொன்னபோது, அந்த மாணவியே "நியூட்ரினோவும் ஒளியோடு ஒட்டாதது, நிறையும் உடையது, அதுவே கரும்பொருளாக இருக்கக் கூடாதா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள். உதகையில் உள்ள காஸ்மிக் கதிர் ஆய்வகமோ முத்தோரைத் தொலைநோக்கியோ கரும்பொருளைப் பிடிக்க உதவுமா என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

முத்தோரைச் சரிவு

நல்ல மாணவி. நியூட்ரினோவைத்தான் முதலில் பலரும் எண்ணிப் பார்த்தார்கள். அது மிக இலேசானது; இளம் பேரண்டத்தில் ஒளியை நெருங்கிய வேகத்தில் ஓடியிருக்கும். அப்படி ஓடும் பொருள் சிறு திரட்சிகளில் தங்காது, அவற்றைக் கலைத்துவிடும். சிறிய திரள்கள் முதலில் உருவாகியிருக்க முடியாது. நாம் பார்க்கும் பேரண்டத்தில் சிறியவை முதலில் தோன்றி இணைந்து பெரியவையாகியிருக்கின்றன. ஆகவே மெதுவாக நகரும் பொருள்தான் வேண்டும். (இதையொட்டி ஒரு செய்தி: இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் கருதப்பட்ட இடம் நம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகில் இருந்ததால் 2009-இல் அனுமதி மறுக்கப்பட்டது.)

கரும்பொருள் துகளை நேரடியாகப் பிடிக்க நினைப்பவர்கள் மலை உச்சிக்கு வருவதில்லை, பூமிக்கடியில் போகிறார்கள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் ஏழு டன் நீர்ம செனானை வைத்து, ஒரே ஒரு அணுக்கரு அதிர்ந்தால் எழும் மின்னொளிக்காகக் காத்திருக்கிறார்கள். இதுவரை எதுவும் அகப்படவில்லை. நம் நாட்டில் ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. ஆழம் தேடுவதற்குக் காரணம் காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து பொழியும் உயர் ஆற்றல் துகள்கள். மேலே இருந்தால் அவற்றின் பதிவுகளே கருவியை நிறைத்துவிடும். அந்த இரைச்சலையே உதகை ஆய்வகம் தன் ஆய்வுப் பொருளாகக் கொண்டிருக்கிறது. கிரேப்ஸ்-3 என்னும் அந்தச் சோதனையில், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளமுள்ள 3,712 எண்ணிக் குழாய்களைக் கான்கிரீட் அடுக்குகளுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாக நான்கு வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறக்கும் மியூவான் என்னும் துகள்கள் ஒரு நாளில் சுமார் 400 கோடி அதில் பதிவாகின்றன. 2014 டிசம்பரில் மேலே சென்ற ஓர் இடிமேகத்தால் அந்த எண்ணிக்கையில் ஏற்பட்ட சிறு சரிவைக் கொண்டு, மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டார்கள். காஸ்மிக் கதிர்களுக்கு அத்தனை ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதே தீராத மர்மங்களில் ஒன்று. அந்த வகையில் உதகையின் பங்கு பெரிது.

முத்தோரைத் தொலைநோக்கியின் தொடர்பு வேறு விதமானது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் அமைத்து 1970 முதல் இயங்கும் அந்த 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி, அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஈடாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் கிடப்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். ஆனால் அது 326.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளை மட்டுமே வாங்கும். ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலை 1420.4 மெகாஹெர்ட்ஸ் ஆதலால், அருகிலுள்ள திரள்களின் சுழற்சியை அதில் அளக்க இயலாது. அதற்குப் புனே அருகே உள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட மாபெரும் தொலைநோக்கி இருக்கிறது.

1420.4-ஐ 326.5-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 4.35 வரும். பேரண்டம் 4.35 மடங்கு விரிவதற்கு முன், அதாவது ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன், ஹைட்ரஜனிலிருந்து புறப்பட்ட அலைதான் இன்று முத்தோரையின் அதிர்வெண்ணில் வந்து சேர்கிறது. அந்த ஹைட்ரஜன் கரும்பொருளின் ஈர்ப்பில் சேர்ந்தது. அது எங்கெங்கே திரண்டிருந்தது என்று அறிந்தால் அன்றைய கரும்பொருளின் பரவலும் தெரியவரும். தொலைநோக்கியின் மின்னணுப் பகுதிகளைப் புதுப்பிக்கும் பணி இந்த நோக்கத்தையும் கொண்டே மேற்கொள்ளப்பட்டது. நம் பால்வெளித் திரளே உமிழும் ரேடியோ அலைகள் அந்தச் சைகையைவிடப் பல ஆயிரம் மடங்கு வலிமையானவை. அவற்றைப் பிழையின்றிக் கழிப்பதற்கு ஒவ்வொரு அலைவாங்கிப் பகுதியின் தன்மையையும் மிக நுட்பமாக அறிந்திருக்க வேண்டும். வேலையின் கடினமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.